வந்த வழியைப் பலகை கேட்பதில்லை

எண்ணிக்கை தெரியாத பொருள் ஒன்று வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பூனாவில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கணக்கு எழுதிய உடம்பு இது. மளிகை வந்தால் தேங்காயை எண்ணுவேன். சலவைக்குத் துணி போனால் எண்ணுவேன். மாடிப்படி ஏறும்போது வாய் தானாக ஒன்று, இரண்டு என்று முணுமுணுக்கும். பதினேழு வந்ததும் வீட்டுக் கதவு. என் மனைவி இருந்தவரை, "எண்ணி முடிச்சாச்சா? உள்ளே வரலாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் கதவைத் திறப்பாள்.

இப்படிப்பட்ட ஆளிடம் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். 2025 ஏப்ரல் மாதம் அது. பெண்களுக்கான கிராண்ட் பிரீ சதுரங்கப் போட்டி எங்கள் பூனாவில் நடந்துகொண்டிருந்தது. கோனேரு ஹம்பி, ஹரிகா, நாக்பூர் திவ்யா தேஷ்முக், நம் சென்னை வைஷாலி எல்லோரும் வந்திருந்தார்கள். ஹம்பியும் சீனத்து ஜு ஜினரும் ஒன்பது சுற்றில் ஆளுக்கு ஏழு புள்ளி எடுக்க, சமன்முறிவில் ஹம்பிக்கு முதலிடம். பேத்தி கைப்பேசியில் ஒரு சுற்றுகூட விடவில்லை. கடைசி நாள் இரவு பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"தாத்தா, செஸ்ல மொத்தம் எத்தனை ஆட்டம் ஆட முடியும்?"

"காலையில சொல்றேன், போய்ப் படு" என்றேன்.

அந்தக் காலை இன்னும் விடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில், எழுபத்தாறு வயதில் நான் தெரிந்துகொண்ட ஒன்றை இங்கே சொல்ல நினைக்கிறேன்.

அன்றிரவே பழைய பேரேடு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். வெள்ளைக்கு முதல் நகர்த்தல் எத்தனை விதம்? எட்டுச் சிப்பாய்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம். பதினாறு. இரண்டு குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் பாய இரண்டு இடம். நான்கு. ஆக இருபது. பதிலுக்குக் கறுப்புக்கும் இருபது. இருபதை இருபதால் பெருக்க 400. மூன்றாவது நகர்த்தலுக்கு மறுபடி இருபதால் பெருக்கி 8,000 என்று எழுதி, கோடு கிழித்து, நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் பேத்தி பேரேட்டைப் பார்த்தாள். கைப்பேசியைத் தட்டினாள்.

"தப்பு தாத்தா. 8,902."

தொள்ளாயிரத்து இரண்டு இடிக்கிறது! வேலையில் இருந்த காலத்தில் தொண்ணூறு பைசா இடித்தாலே வீட்டுக்குப் போக மாட்டேன். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், அடுத்த முறை வெள்ளைக்குச் சாதாரணமாக முப்பது வழி திறந்துகொள்கிறது. ராணிக்கு நான்கு இடம், மந்திரிக்கு ஐந்து இடம், ராஜாவுக்குக்கூட ஓர் இடம். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினால், அடுத்த முறை பத்தொன்பதுதான். இருபதாக இருந்தது ஒன்று குறைந்தும் போகிறது, அந்தப் பக்கத்துக் குதிரையின் வழியை நாமே அடைத்துவிட்டதால். எல்லா முதலடியும் ஒன்றுபோல் வழி திறக்காது. நான் எல்லாவற்றுக்கும் ஒரே இருபதைப் போட்டதுதான் பிழை.

பிறகு நான் கையால் எண்ணுவதை விட்டுவிட்டேன். கணினிகள் எண்ணி வைத்திருக்கின்றன. நான்கு நகர்த்தல் முடிவில் 1,97,281 வழிகள். அதில் எட்டே எட்டு வழிகளில் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். வெள்ளைக்காரர் தன் ராஜாவின் பக்கவாட்டுக் கதவைத் தானே திறந்துவைக்க, கறுப்பு ராணி நேரே வந்து கதையை முடித்துவிடுவாள். ஐந்தாவதில் 48,65,609. ஆறாவதில் 11,90,60,324. சதுரங்கம் கண்டுபிடித்தவருக்கு முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று தானியம் கொடுக்கப் போய் ராஜா திவாலான கதை எல்லோருக்கும் தெரியும். அறுபத்து நான்கு கட்டத்துக்கும் சேர்த்து அந்த மணிகளின் எண்ணிக்கை இருபது இலக்கம். இரண்டு பேரும் ஆளுக்கு ஏழு நகர்த்தல் ஆடி முடிப்பதற்குள், ஆடக்கூடிய வழிகளின் எண்ணிக்கை அந்தத் தானியத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஏழாவது நகர்த்தல் என்பது ஆட்டம் இன்னும் சூடு பிடிக்காத நேரம். டீ ஆறியிருக்காது.

டீ என்றதும் பக்கத்து வீட்டு வாத்தியார் நினைவுக்கு வருகிறார். பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்ற மராட்டியர். பூனாவில் தென்னாட்டுக்காரன் என்றால் எல்லோருக்கும் அண்ணாதான். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருந்தும். மாலையில் வந்து, "காய் அண்ணா, ஏக் டாவ்?" என்பார். என்ன, ஒரு ஆட்டம் போடுவோமா என்று அர்த்தம். மராத்தியில் சதுரங்கத்துக்குப் புத்திபள் என்று பெயர், புத்தியின் பலம். நான் மந்திரி என்று மூலையோட்டக் காயைச் சொன்னால், அவர் ராணியைப் பார்ப்பார். ஏனென்றால் அவருக்கு ராணிதான் வஜீர். என் மந்திரி அவருக்கு ஒட்டகம். யானையும் குதிரையும் மட்டும் இரண்டு பாஷையிலும் யானை, குதிரை.

பேத்தியின் கேள்வியை அவரிடம் சொன்னேன். "எந்த விதிப்படி?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் இருவருமே சிறு வயதில் கற்றது நாட்டு ஆட்டம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில், திண்ணையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு என் தாத்தா கற்றுக்கொடுத்தார். வாத்தியாருக்கு அவர் தாத்தா சாத்தாராப் பக்கத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். கோட்டை கட்டுவது கிடையாது. பதிலுக்கு ராஜாவுக்கு ஒரு சலுகை: ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போல் பாய்ந்துகொள்ளலாம். ஆனால் அதற்குள் ஒரு முறைகூட செக் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிவிட்டால் அந்தப் பாய்ச்சல் போயே போயிற்று. இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும். பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து போன மீர் சுல்தான் கான் இப்படிப்பட்ட நாட்டு ஆட்டத்தில் வளர்ந்தவர்தான். அங்கே போய்ப் புது விதிகளைப் படித்து, 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

இருவரும் அந்த விதிப்படி எண்ணினோம். சிப்பாய்க்கு எட்டு, குதிரைக்கு நான்கு, ராஜாவின் பாய்ச்சலுக்கு இரண்டு. ஆகப் பதினான்கு. இரு பக்கமும் சேர்ந்து 196. "நம்ம தாத்தாக்கள் காலத்திலே உலகம் சின்னது அண்ணா" என்றார் வாத்தியார்.

சின்னதுதான், ஆனால் அவர்கள் ஆடியது சின்ன ஆட்டமில்லை. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்துப் பூனாவோடு ஒரு சதுரங்க வித்தகரின் பெயர் சேர்ந்திருக்கிறது. திருவேங்கடாசாரிய சாஸ்திரி. பெயரே சொல்லும், தெற்கிலிருந்து வந்தவர். விலாசமணிமஞ்சரி என்று சமஸ்கிருதத்தில் அவர் எழுதிய சதுரங்க நூல், ஐரோப்பிய ஆட்ட முறைக்கு ஏற்ப ஆங்கிலமாக்கப்பட்டு 1814-ல் பம்பாயில் அச்சானது. பேஷ்வா ஆட்சி முடிய இன்னும் நான்கே வருடம் இருந்தது. அந்த நூலைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதில் பெரும்பகுதி முழு ஆட்டங்கள் இல்லை, நிலைகள். காய்கள் இப்படி நிற்கின்றன, இங்கிருந்து ஜெயித்துக் காட்டு என்று நெருக்கடியான கட்டங்களாகக் கொடுத்துக்கொண்டே போகிறார். அந்த நெருக்கடிக்குள் எப்படி வந்து மாட்டினோம் என்ற கதை அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆட்டம் வேறு, நிலை வேறு. பேத்தி கேட்டது ஆட்டம்.

அதற்கு விடை தேடியவர்களில் பெரியவர் கிளாட் ஷானன். கணினி சதுரங்கம் ஆடுவது எப்படி என்று 1950-ல் கட்டுரை எழுதியவர். அவர் போட்ட கணக்கு என் போன்ற குமாஸ்தாவுக்கும் புரியும். நடு ஆட்டத்தில் ஒருவருக்குச் சராசரியாக முப்பது வழி. இருவரும் ஒரு முறை ஆடினால் முப்பது முப்பது தொள்ளாயிரம், சுமாராக ஆயிரம் என்று வையுங்கள். ஓர் ஆட்டம் ஆளுக்கு நாற்பது நகர்த்தல் போகும். ஆயிரத்தை நாற்பது முறை பெருக்கினால் ஒன்றுக்குப் பின்னால் 120 பூஜ்யம்.

பேத்திக்கு இதைச் சொல்ல வேண்டுமே. நமக்குக் கோடிக்கு மேல் பழக்கமில்லை. கோடிக்கு ஏழு பூஜ்யம். "பத்து என்று ஆரம்பி, பிறகு கோடி கோடி என்று பதினேழு தடவை சொல்" என்றேன். அவள் விரலை மடக்கிக்கொண்டே "பத்து கோடி கோடி கோடி" என்று போனாள். பத்து விரலும் தீர்ந்ததும் என் கையைப் பிடித்து ஏழு விரலை மடக்கினாள். எனக்குப் புத்தகத்தில் வராத பிரமிப்பு அந்த ஏழு விரலில் வந்தது.

இதையும் விழுங்கும் எண் ஒன்று இருக்கிறது. கும்பகோணத்து ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, ராமானுஜனைப் பற்றிய தம் சொற்பொழிவு நூலில், 1940-ல் வந்தது அது, மிகப் பெரிய எண்களைப் பற்றிப் பேசும் இடத்தில் சதுரங்கத்தைத் தொட்டுச் செல்கிறார். நாற்பது நகர்த்தலோடு நிறுத்தாமல் எவ்வளவு நீளமான ஆட்டத்தையும் சேர்த்தால் என்ன ஆகும்? ஒன்றுக்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் என்பதைச் சொல்லவே ஒன்றுக்குப் பின்னால் 50 பூஜ்யம் போட வேண்டியிருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. எழுத உலகத்தில் காகிதம் போதாது.

ஆட்டங்களை விட்டு, நிலைகளை மட்டும் எண்ணினால் கொஞ்சம் கைக்கு அடங்குகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் ஜான் டிராம்ப் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பலகையில் காய்கள் நிற்கக்கூடிய வகைகளையெல்லாம் ஒரு பெரிய பட்டியலாக்கி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். அந்தப் பட்டியலில் விதிப்படி ஆடி வரவே முடியாத நிலைகளும் கலந்திருக்கும். எல்லாவற்றையும் சோதிக்க யாராலும் முடியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு பத்து லட்சம் நிலைகளை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஐந்தாறுதான் உண்மையில் வரக்கூடியவை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகள் செய்ததுதான். விடை, 480 என்று தொடங்கி ஆறு முறை கோடி. இதற்குப் பேத்தியின் ஒரு கையும் ஒரு விரலும் போதும்.

அது போதும்தான், ஆனால் எண்ணி முடிக்க முடியாது. பூனாவில் இருக்கும் சி-டாக் நிறுவனம் 1991-ல் பரம் 8000 கணினியைச் செய்து காட்டியது. அவர்களுடைய ஐராவத் 2023-ல் உலகின் வேகமான கணினிகள் வரிசையில் 75-ஆவது இடம் பிடித்தது. உச்ச வேகத்தில் விநாடிக்கு 13,000 லட்சம் கோடிக் கணக்குகள் போடும். ஒரு கணக்குக்கு ஒரு நிலை என்று தாராளமாக வைத்து, அந்த ஐராவதத்தை உட்காரவைத்து எண்ணச் சொன்னால் எவ்வளவு நேரமாகும் என்று நானும் வாத்தியாரும் ஒரு மாலை கணக்குப் போட்டோம். பிரபஞ்சம் தோன்றி இதுவரை ஆன காலத்தைப் போல் எண்ணாயிரம் கோடி மடங்குக்கு மேல் வந்தது. வாத்தியார் பேனாவை மூடிவிட்டு, "டீ குடிக்கலாம்" என்றார்.

உண்மையைச் சொன்னால், ஆடாத ஆட்டங்களை எண்ணும் வழக்கம் எனக்குப் பேத்தி கேட்டபோது வந்ததில்லை. ஐம்பது வருடப் பழக்கம் அது.

1973-ல் என் கையில் இரண்டு வேலை உத்தரவு. ஒன்று ஊருக்குப் பக்கத்தில், மன்னார்குடியில், கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலை. சைக்கிளில் போய் வரலாம். மற்றது பூனாவில். சம்பளம் அறுபது ரூபாய் கூட. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் பூனாவைத் தேர்ந்தெடுத்தேன். தம்பி ரயிலடிக்கு வந்து பெட்டியை ஏற்றிவிட்டான். மறுநாள் பம்பாய் மெயிலில் ராய்ச்சூர் தாண்டும்போதே மனசு எண்ணத் தொடங்கிவிட்டது. அந்த உத்தரவை எடுத்திருந்தால்? ஊரிலேயே இருந்திருந்தால்? ராஸ்தா பேட்டில் ஒரு அறையில் நான்கு பேராகத் தங்கி மெஸ் சாப்பாடு சாப்பிட்ட காலத்திலும், கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும், தூக்கம் வராத இரவுகளில் அந்த இன்னொரு ஆட்டத்தை ஒவ்வொரு நகர்த்தலாக ஆடிப் பார்ப்பேன். அதில் நான் எப்போதும் ஜெயிப்பேன். எதிரில் யாரும் இல்லாத ஆட்டத்தில் தோற்க வழியில்லையே!

அந்த வங்கி வேலைக்கு என்னோடு படித்த நண்பன் ஒருவன் போனான். சைக்கிளில் போய் வந்தான், கிளைக்குப் பொறுப்பாளனாகி ஓய்வு பெற்றான். பத்து வருடத்துக்கு முன் ஒரு காலை, கமலா நேரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது எதிரில் ஒருவர் நின்று என்னை உற்றுப் பார்த்தார். அவன்தான்! மகனுக்கு ஹிஞ்சவடியில் கணினி வேலை. மனைவி காலமான பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்துவிட்டான். இப்போது ஞாயிறுதோறும் அதே பூங்காவில், ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். இருவருக்கும் சர்க்கரை. இருவருக்கும் இடது முழங்காலில் வலி. பேரன் பேத்திகள் தமிழில் கேட்டால் மராத்தியில் பதில் சொல்கிற குறையும் இருவருக்கும் பொது.

பேத்தியின் கைப்பேசியில் 8,902-க்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருந்ததை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். 5,362. மூன்று நகர்த்தலுக்கு வழிகள் 8,902, ஆனால் அவை கொண்டுபோய்ச் சேர்க்கும் நிலைகள் 5,362 மட்டும். நடுவில் 3,540 எங்கே போயிற்று? கணக்குக்காரனுக்கு மறுபடி தலைவலி. பலகையில் வைத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ராஜாவின் சிப்பாயை முதலில் தள்ளிப் பிறகு ராணியின் சிப்பாயைத் தள்ளினாலும், ராணியின் சிப்பாயை முதலில் தள்ளி ராஜாவின் சிப்பாயைப் பிறகு தள்ளினாலும், கறுப்பு அதே பதிலைத் தந்திருந்தால், மூன்றாவது நகர்த்தலில் பலகை ஒன்றேதான். அறைக்குள் புதிதாக வருகிறவரால் எது முதலில் போனது என்று சொல்ல முடியாது. பலகைக்கும் அது தேவையில்லை. காணாமல் போன 3,540 காணாமல் போகவில்லை, பூங்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அன்றிலிருந்து அந்த மன்னார்குடி ஆட்டத்தை இரவில் ஆடுவதை விட்டுவிட்டேன். எண்ண முடியாத அளவு ஆட்டங்கள் இருக்கின்றன என்பது எனக்கு இத்தனை நாள் பயமாக இருந்தது. எத்தனையை இழந்தேனோ என்று. ஆனால் இந்த நிமிஷம் கைக்கு எதிரில் இருப்பவை முப்பதுதான். அந்த முப்பதில் யோசிக்கத் தகுந்தவை மூன்றோ நான்கோ. அட்ரியான் தெ க்ரோட் என்ற டச்சு உளவியலாளர் 1940-களில் பெரிய ஆட்டக்காரர்களையும் சாதாரண ஆட்டக்காரர்களையும் உட்காரவைத்து, என்ன யோசிக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பெரியவர்கள் மிக அதிகமான வழிகளைப் பார்க்கவில்லை. பார்த்த சிலவற்றில் நல்லது இருந்தது, அவ்வளவுதான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம். பலகையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சமன் என்று எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்த நேரத்தில், 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தன் யானையை ஒரு தவறான கட்டத்தில் வைத்தார். எதிரில் பதினெட்டு வயது குகேஷ் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த 120 பூஜ்யமும் அந்த ஒரு கட்டத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

இத்தோடு முடித்தால் நல்ல உபதேசமாக இருக்கும். ஆனால் கணக்கில் ஒரு பாக்கி இருக்கிறது.

பலகை வந்த வழியைக் கேட்பதில்லை என்றேன். ஒன்றிரண்டு விஷயத்தில் கேட்கும். ராஜா ஒரு கட்டம் நகர்ந்துவிட்டுத் திரும்பித் தன் வீட்டுக்கே வந்து நின்றாலும், இனி அந்த ஆட்டத்தில் கோட்டை கட்ட முடியாது. கண்ணுக்கு இரண்டு பலகையும் ஒன்றுதான். எல்லாக் காயும் அதனதன் இடத்தில். ஆனால் விதிப்படி அவை ஒரே நிலை அல்ல. ராஜா ஒருமுறை எழுந்து போனவர். என் தாத்தாவின் விதியும் அதுதானே? ஒரு செக் வாங்கிய ராஜாவுக்குப் பாய்ச்சல் கிடையாது.

1988-ல் அப்பா காலமானார். காரியம் முடிந்து பூனா திரும்பியதும் வீட்டுப் பங்கு விஷயமாகத் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் 1973 முதல் நான் அனுப்பிய மணியார்டர்களை மாதவாரியாக, தேதியோடு பட்டியல் போட்டேன். ரசீதுகள் எல்லாம் வைத்திருந்தேன். கடைசியில் மொத்தம் எழுதி, அதன் கீழே அலுவலகப் பழக்கத்தில் இரண்டு கோடு கிழித்தேன். கணக்கில் ஒரு பைசா பிழையில்லை. அந்தப் பதினைந்து வருடமும் அப்பாவைக் குளத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போனது யார், இரவில் கால் அமுக்கியது யார் என்பதற்கு என்னிடம் ரசீது இல்லாததால் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. தம்பி பதில் போடவில்லை. பதினோரு வருடம் போடவில்லை.

1999-ல் அம்மா போனபோது ஊருக்குப் போனேன். "வாங்கண்ணா" என்றான். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடி. ராஜா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் முன்பு ஒரு கடிதத்தில், ஒரு சிரிப்பில், ஒரே தாவலில் நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு இனித் தாவ முடியாது என்று இருவருக்கும் தெரிந்தது.

கோட்டை கட்டும் உரிமையை இழந்த ராஜா என்ன செய்வார்? இதைப் பேத்திதான் சொன்னாள், அவள் பயிற்சி வகுப்பில் கற்றது. "நடந்து போகணும் தாத்தா. கையால கட்டுற கோட்டை. ஒரே மூவ்ல முடியுறதுக்கு நாலஞ்சு மூவ் ஆகும். ஆனா போய்ச் சேர்ந்துடலாம்." யானைக்கு வழிவிட்டு, ஒரு கட்டம் விலகி, இன்னொரு கட்டம் தள்ளி, நடுவில் எதிரி ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு.

நான் நடந்தேன். முதலில் பொங்கலுக்கு ஒரு தொலைபேசி. பிறகு மாதம் ஒன்று. பிறகு ஞாயிறுதோறும். ஒருமுறை ஊருக்குப் போனபோது பூவனூர்க் கோயிலுக்கு இருவரும் சேர்ந்து போனோம். யாராலும் தோற்கடிக்க முடியாத இளவரசியோடு சிவன் வயோதிகராக வந்து சதுரங்கம் ஆடி ஜெயித்த தலம், சதுரங்க வல்லபநாதர் என்றே அவருக்குப் பெயர். சின்ன வயதில் நாங்கள் ஓடி விளையாடிய பிரகாரம். அங்கே தூணில் சாய்ந்துகொண்டு, "அந்தக் கடுதாசிய நான் எழுதியிருக்கக் கூடாதுடா" என்றேன். அவன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, "விடுங்கண்ணா, வெயில் ஏறுது" என்றான். அது ஒரு கட்டம்.

சென்ற தீபாவளிக்குத் தம்பி பூனா வந்தான். பலகையைப் போட்டோம். தாத்தா விதிப்படிதான். சிப்பாய்க்கு ஒரு கட்டம், ராஜாவுக்கு ஒரு பாய்ச்சல். பேத்தி நடுவராக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் "இது என்ன ரூல்?" என்று முகம் சுளித்தாள். மூன்று மணி நேரம். ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, கடைசியில் இரண்டு ராஜா மட்டும் மிஞ்சினார்கள். ஏழு காய்க்குள் வந்துவிட்டால், நானூறு லட்சம் கோடிக்கு மேற்பட்ட நிலைகளாக இருந்தும், ஒவ்வொன்றுக்கும் முடிவு என்ன என்று கணினிகள் எண்ணி வைத்துவிட்டனவாம். இரண்டு ராஜாவுக்குக் கணினியே தேவையில்லை. பேத்தியைக் கூப்பிட்டுப் பேரேட்டில் எழுதச் சொன்னேன்.

ஒரு ராஜா மூலையில் நின்றால் தன் கட்டமும் சுற்றியுள்ள மூன்றும் போக, மற்றவருக்கு அறுபது இடம். மூலைகள் நான்கு, ஆக 240. ஓரத்தில் நின்றால் ஐம்பத்தெட்டு. அப்படி இருபத்து நான்கு கட்டம், 1,392. உள்ளே நின்றால் ஐம்பத்தைந்து. அப்படி முப்பத்தாறு கட்டம், 1,980. கூட்டினாள். 3,612.

"மொத்தமே இவ்வளவுதானா தாத்தா?"

"இவ்வளவுதான். இதை முழுசா எண்ணியாச்சு."

"ஏன் பக்கத்துக் கட்டத்தை எல்லாம் கழிச்சீங்க?"

"ரெண்டு ராஜா பக்கத்துல பக்கத்துல நிக்கக் கூடாதும்மா. நடுவுல ஒரு கட்டம் எப்பவும் விடணும்."

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எழுத்து சரியாத் தெரியல" என்றபடி எதிர் நாற்காலியிலிருந்து எழுந்தான். மேசையைச் சுற்றி வந்து, என் கட்டிலில், என் தோள் இடிக்க உட்கார்ந்து, பேரேட்டைக் கையில் வாங்கி அந்தக் கூட்டலை மேலிருந்து கீழாகச் சரிபார்த்தான். "கணக்கு சரிதான்" என்றான்.

பேத்தி பேனாவை எடுத்து அடியில் கோடு கிழிக்கப் போனாள். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.